60 வீடுகள், ஒரு பொதுக்கிணறு: எந்தக் கழிவுநீர் ஏற்பாடு நிலைத்து நிற்கும்?

தென்னோடை எழுதியது:

வணக்கம். எங்கள் குடியிருப்பில் சுமார் 60 வீடுகள், 250 பேர். மேலிருந்து கீழ்வரை ஆறு மீட்டர் இறக்கமுள்ள சரிவு நிலம். கழிப்பறை இல்லாத வீடு கிடையாது. ஆனால் பாதி வீடுகளில்தான் செப்டிக் டேங்க். மீதி வீடுகளில் உறை இறக்கிய குழி. குளியலறை, சமையலறைத் தண்ணீரெல்லாம் திறந்த வாய்க்காலில் ஓடி, கீழே ஒரு பள்ளத்தில் தேங்குகிறது. பள்ளத்திலிருந்து 40 மீட்டரில் பொதுக்கிணறு. சென்ற கோடையில் கிணற்று நீரைச் சோதித்தபோது நைட்ரேட் லிட்டருக்கு 70 மில்லிகிராம் என்று வந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது.

ஒரு நிறுவனம் இரும்புப் பெட்டிக்குள் அடங்கிய சுத்திகரிப்பு எந்திரத்தை வைத்துத் தருவதாகச் சொல்கிறது. புளோயர் காற்றை ஊதும், மறுமுனையில் தெளிந்த நீர் வரும். செயல்விளக்கம் பார்த்த பெரியவர்கள் பலருக்குப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் தயக்கம். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர் இது. கீழ்ப்பக்கம் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் பொதுநிலம் இருக்கிறது. பணம் ஒருமுறைதான் கிடைக்கும். இந்த வேலையில் இருப்பவர்கள் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

குழாய்க்காரர் எழுதியது:

எந்திரமா, குளமா, நாணலா என்பதைப் பிறகு பேசலாம். முதலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிய வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் செலவழிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். 250 பேருக்கு 20,000 லிட்டர், அதாவது 20 கன மீட்டர். இது மதிப்பீடுதான். வாய்க்கால் வாயில் வாளியும் கடிகாரமுமாக ஒரு நாள் முழுக்க யாராவது அளக்கட்டும். காலையிலும் மாலையிலும் வரும் வேகத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஏற்பாடும் சராசரியில் உடைவதில்லை, அந்த இரண்டு வேளைகளில்தான் உடையும்.

அடுத்தது, செப்டிக் டேங்க் என்று ஊரில் சொல்வதெல்லாம் செப்டிக் டேங்க் அல்ல. அடிப்பகுதி மூடியிருக்க வேண்டும். இரண்டு அறைகள் வேண்டும். முதல் அறை மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தண்ணீர் குறைந்தது ஒரு நாளாவது உள்ளே தங்க வேண்டும். அப்போதுதான் கனமானது கசடாகக் கீழே படியும், கொழுப்பு ஏடாக மேலே மிதக்கும், நடுவிலுள்ள தண்ணீர் வெளியே போகும். வெளியேறும் வாயில் ஆங்கில T வடிவக் குழாய் இல்லாத தொட்டியில் ஏடும் சேர்ந்து வெளியேறும். அப்படிப்பட்ட தொட்டிகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஒழுங்காகக் கட்டிய தொட்டியும் கரிமச் சுமையில் (நீரிலுள்ள மட்கும் அழுக்கில்) மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைதான் குறைக்கும். வெளியே வரும் நீரில் கிருமிகள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அந்த நீர் அடுத்துப் போய்ச் சுத்தமாக ஓர் இடம் வேண்டும். உங்கள் ஊரில் அந்த அடுத்த இடம் இப்போது கிணறாக இருக்கிறது.

அலைவரிசை எழுதியது:

நான் இத்தகைய எந்திரங்களை வடிவமைக்கும் பணியில் இருப்பவன், அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன். ஊர்ப் பெரியவர்களின் விருப்பத்தை உடனே தள்ளிவிடாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் நடப்பது, காற்று ஊதி நுண்ணுயிர்களைக் கழிவைத் தின்னவைக்கும் காற்றூட்டிய கசடு முறை. அது நேற்று வந்ததல்ல. 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற ஆய்வாளர்கள் விளக்கிய முறை. இன்று உலகின் பெரு நகரங்கள் பலவும் அதை நம்பித்தான் இருக்கின்றன. இடம் குறைவாகப் போதும். வெளியேறும் நீரின் தரம் உயர்வு. கழிவுநீரை வடிக்கும் நாணல் நட்ட ஜல்லிப் படுகை வளர்ந்து நிலைகொள்ளப் பருவங்கள் ஆகும், எந்திரம் சில வாரங்களில் ஓடத் தொடங்கிவிடும். மின்தடைக்கு ஜெனரேட்டர் வைக்கலாம். கிணற்றில் நைட்ரேட் 70 என்ற நிலையில் காத்திருப்பதற்கு நேரம் ஏது?

நாணற்காடு எழுதியது:

அலைவரிசை ஐயா சொன்ன அறிவியலில் ஒரு சொல்லையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த முறை எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அந்தப் பெட்டிக்குள் வேலை செய்வது இரும்பு அல்ல, நுண்ணுயிர்க் கூட்டம். கறவை மாட்டைப் போல அதை நாள் தவறாமல் கவனிக்க வேண்டும். காற்று பல மணி நேரம் நின்றால் கூட்டம் மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும்; நாற்றம் எழும்; கசடு படியாமல் தண்ணீரோடு வெளியேறும். நகர நிலையத்தில் மூன்று ஷிப்டு ஆட்கள், ஆய்வகம், உதிரி புளோயர் எல்லாம் இருக்கும். 60 வீட்டு ஊரில் புளோயரின் பெல்ட் அறுந்தால், அதை வாங்க யார் நகரத்துக்குப் போவது, யார் பணம் கொடுப்பது என்று முடிவாவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். ஜெனரேட்டர் என்றால் டீசல். டீசல் என்றால் மாதாமாதம் வசூல். செயல்விளக்கத்தன்று இவை எதுவும் கண்ணில் படாது.

நான் ஒரு சிற்றூரின் நாணல் படுகையைப் பராமரிக்கிறவன். உங்கள் ஊருக்குத் தண்ணீர் தானே இறங்கி ஓடும் ஆறு மீட்டர் சரிவு இருக்கிறது. அதைவிடப் பெரிய சொத்து இந்தத் தொழிலில் இல்லை.

படுகை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: நீர் கசியாதபடி அடியிலும் பக்கங்களிலும் விரிப்புப் போட்ட பள்ளம். அதில் கழுவிய ஜல்லியும் மணலும். மேலே நாணல் அல்லது சம்பு. படுத்தவாக்குப் படுகையில் தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, சுமார் 60 செ.மீ. ஆழ ஜல்லிக்குள் ஊர்ந்து மறுமுனைக்குப் போகும். நீர்மட்டம் எப்போதும் ஜல்லிப் பரப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே நிற்கும். மேலே நடந்தால் செருப்பு நனையாது. கொசு முட்டையிட நீர்ப்பரப்பு இல்லை. செங்குத்துப் படுகையில் தண்ணீரை மேலே பரவலாக, விட்டுவிட்டுக் கொட்டுவார்கள். கொட்டிய தண்ணீர் கீழே இறங்கும்போது பின்னாலேயே காற்று உள்ளே போகும். சரிவு இருந்தால் இதற்கு மோட்டார் வேண்டாம். தொட்டி நிறைந்ததும் தானாகவே மொத்தத்தையும் கொட்டும் சைபன் போதும்.

தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மைப்படுத்தலாம் என்று ஜெர்மனியில் கேத்தே சைடல் 1950களில் சோதனைகள் தொடங்கினார். இன்று பிரான்ஸில் சிற்றூர்களுக்கு மிகப் பரவலான முறைகளில் ஒன்று நாணல் படுகை. அங்கே சல்லடையில் வடித்த கழிவுநீரைச் செப்டிக் டேங்க் இல்லாமலே நேராகப் படுகையில் விடுகிறார்கள். முதல் நிலையில் மூன்று படுகைகள். ஒன்றுக்கு மூன்றரை நாள் தண்ணீர், ஏழு நாள் ஓய்வு. முதல் நிலைக்கு ஆளுக்கு 1.2 சதுர மீட்டர், இரண்டாம் நிலைக்கு 0.8. அந்தக் கணக்கில் உங்களுக்கு 500 சதுர மீட்டர். இடம் தாராளம்.

ஏரிக்கரை எழுதியது:

குளத்தை யாருமே சொல்லவில்லையே. கழிவுநீரை அடுத்தடுத்துத் தேக்கித் தெளியவிடும் நிலைப்படுத்தும் குளங்கள்தான் உலகில் மிக எளிய முறை. ஜல்லிகூட வேண்டாம். நடுக்குளத்தில் ஒன்றரை மீட்டர் ஆழம். மேலே பாசி பகலில் ஆக்சிஜன் தர, பாக்டீரியா கழிவைத் தின்று பாசிக்கு வேண்டிய கரியமில வாயுவைத் தரும். அதற்கடுத்து ஒரு மீட்டர் ஆழத்தில் முதிர்வுக் குளம். அங்கே வெயிலே கிருமிகளைக் கொல்லும். நோய்க்கிருமியைக் குறைப்பதில் குளத்தோடு போட்டியிடும் எளிய முறை வேறு இல்லை.

250 பேர் என்றால் நாளொன்றுக்கு 11 கிலோ அளவுக்கு பி.ஓ.டி. சுமை, அதாவது கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன். வெப்பமான ஊராக இருந்தால் நடுக்குளத்துக்கு 400 சதுர மீட்டர் போதும்.

குழாய்க்காரர் எழுதியது:

கணக்கு சரி, இடம் சரியில்லை. குளத்தை வீடுகளிலிருந்து குறைந்தது 200 மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்வார்கள். இங்கே கிணறே 40 மீட்டரில் இருக்கிறது. கரையோரப் புல்லை வெட்டாமல் விட்டால் கொசுவும் பெருகும். தள்ளி நிலம் உள்ள ஊருக்குக் குளத்தைத்தான் நானும் முதலில் சொல்வேன்.

ஆய்வகச்சாளரம் எழுதியது:

நான் குடிநீர்ச் சோதனையில் வேலை செய்பவள். கழிவுநீர் ஏற்பாடு முடிய ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். அதுவரை அந்தக் கிணற்றைக் குடிப்பவர்களைப் பற்றி முதலில் பேசுவோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். உங்களுடையது 70. பெரியவர்களுக்கு உடனடி ஆபத்து குறைவு. ஆனால் புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அந்தத் தண்ணீரில் பால் மாவைக் கரைக்க வேண்டாம் என்று இன்றே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். காய்ச்சினால் போதும் என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். காய்ச்சுவதால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இன்னொன்று. நைட்ரேட் கழிவறையிலிருந்துதான் வருகிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வயலில் போட்ட உரத்திலிருந்தும் வரும், கொட்டகைச் சாணத்திலிருந்தும் வரும். ஈ.கோலி (குடலில் வாழும் பாக்டீரியா), குளோரைடு இரண்டையும் சேர்த்துச் சோதியுங்கள். ஊருக்கு மேற்புறமுள்ள ஒரு கிணற்று நீரையும் எடுத்து ஒப்பிடுங்கள். மேலே குறைவாகவும் இங்கே மூன்றும் சேர்ந்து கூடுதலாகவும் இருந்தால் உங்கள் பள்ளமும் குழிகளும்தான் காரணம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

நாணற்காடு ஐயாவிடம் ஒரு கேள்வி. மனிதர் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் நைட்ரஜனை வெளியேற்றுகிறார், அதில் பெரும்பகுதி சிறுநீரில். 250 பேருக்கு இரண்டரை கிலோ. அது 20 கன மீட்டர் நீரில் கரைந்தால் லிட்டருக்கு 125 மில்லிகிராம் நைட்ரஜன். அவ்வளவும் நைட்ரேட்டாக மாறினால் 500 மில்லிகிராமைத் தாண்டும். செங்குத்துப் படுகை அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் படுகை. கண்ணாடி போன்ற தெளிந்த நீர் வரும், நாற்றமே இருக்காது. ஆனால் அதைக் கிணற்றுக்கு அருகே மண்ணில் விட்டால் இப்போதுள்ளதைவிட மோசமாகலாமே?

நாணற்காடு எழுதியது:

சகோதரி, இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். அலைவரிசை ஐயாவின் எந்திரத்துக்கும் இது பொருந்தும். காற்றை மட்டும் ஊதும் எந்திரமும் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கி அப்படியே அனுப்பிவிடும்.

நைட்ரேட்டைப் போக்க ஆக்சிஜன் இல்லாத இடமும் கொஞ்சம் கரிம உணவும் வேண்டும். அப்போதுதான் பாக்டீரியா நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாகக் காற்றில் விடும். எப்போதும் நீரில் மூழ்கிக் கிடக்கும் படுத்தவாக்குப் படுகை அதற்கேற்ற இடம். ஆகவே முதலில் செங்குத்து, அடுத்து படுத்தவாக்கு. முதல் படுகையில் வந்த நீரில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலுள்ள தொட்டிக்கே திருப்பி அனுப்பினால் இன்னும் குறையும். ஆனால் அதற்கு ஒரு சிறு பம்பு வேண்டும், அது நின்றாலும் மற்றவை ஓடும். இவ்வளவும் செய்தாலும் நைட்ரேட் முழுவதும் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். அதனால் படுகையின் அடியில் விரிப்புக் கட்டாயம், வெளிவரும் நீர் கிணற்றின் பக்கம் போகவே கூடாது. கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில், பயிருக்கோ மரங்களுக்கோ போகட்டும். அவற்றுக்கு அந்த நைட்ரஜன் உரம்.

கரணை எழுதியது:

கட்டட வேலை செய்கிறவன் நான். தொட்டிகளைச் சோதிக்கும் விதத்தைச் சொல்கிறேன், ஊர்ப் பிள்ளைகளே செய்யலாம்.

நீளமான கம்பில் வெள்ளைத் துணியை அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு இறுக்கிச் சுற்றுங்கள். தொட்டியின் அடிவரை மெதுவாக இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து நேராக மேலே எடுங்கள். கசடு இருந்த உயரம்வரை துணி கறுத்திருக்கும், அதற்கு மேல் வெறுமனே நனைந்திருக்கும். கோடு தெளிவாகத் தெரியும். ஏட்டின் கனத்தை, முனையில் சிறு பலகை அடித்த இன்னொரு கம்பால் பார்க்கலாம். ஏட்டைத் துளைத்து இறக்கி, திரும்ப மேலே தூக்கும்போது பலகை எங்கே தட்டுகிறதோ அது ஏட்டின் அடி. கசடும் ஏடும் சேர்ந்து தொட்டியின் நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் எடுக்க வேண்டிய நேரம்.

கசிவைப் பார்க்க, தொட்டியைச் சுத்தம் செய்த பிறகு வெளிவாயை அடைத்து நீர் நிரப்பிக் கோடு போடுங்கள். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தால் கசிகிறது. உள்வாயைவிட வெளிவாய் ஐந்து முதல் ஏழு செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே மட்டம் என்றால் உள்குழாயில் தேங்கும்.

உறிஞ்சுகுழி போடலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு முழ அகலக் குழி வெட்டி, இரவு முழுக்க நீர் ஊற விட்டு, காலையில் மறுபடி நீர் ஊற்றி இரண்டரை செ.மீ. இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் இறங்கினால் மண் வடிகட்டவே இல்லை, நேராக நிலத்தடிக்குப் போகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேலானால் மண் ஏற்காது, குழி பொங்கும்.

தென்னோடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கரணை ஐயா சொன்ன கம்பும் துணியும் வைத்து எங்கள் இளைஞர்கள் தொட்டிகளைப் பார்த்துவிட்டார்கள். அடிமூடிய, இரண்டறையுள்ள தொட்டி நினைத்ததைவிடக் குறைவு. பல வீடுகளில் கட்டிய நாளிலிருந்து கசடு எடுத்ததே இல்லை. தொட்டி நிரம்பவே இல்லை, நல்ல தொட்டி என்று பெருமையாகச் சொன்ன வீட்டில்தான் அடி மண்ணாக இருந்தது. வாய்க்காலில் அளந்த நீர் மதிப்பீட்டுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் மழையன்று பல மடங்காகிறது.

தொட்டியில் போட்டால் கசடே எடுக்க வேண்டியதில்லை என்று ஒரு பாக்டீரியாப் பொடியை ஒருவர் கொண்டுவந்தார். வாங்கலாமா?

குழாய்க்காரர் எழுதியது:

வேண்டாம். தொட்டிக்கு வேண்டிய பாக்டீரியா மனித மலத்திலேயே கோடிக்கணக்கில் இருக்கிறது. எந்தப் பொடியும் மணலையும் மட்காத பொருளையும் கரைக்காது. சில பொடிகள் படிந்த கசட்டைக் கலக்கி வெளியே தள்ளிவிடும். தொட்டி காலியானது போலத் தெரியும், அடுத்திருக்கும் படுகையோ உறிஞ்சுகுழியோ அடைத்துக்கொள்ளும். கழிவறை கழுவும் அளவுக்கு பிளீச்சிங் பயன்படுத்துவதால் தொட்டி செத்துவிடாது. பெயிண்ட், எஞ்சின் ஆயில், சமைத்த எண்ணெய், நாப்கின் ஆகியவற்றைத்தான் உள்ளே விடக்கூடாது.

மழையைப் பற்றிச் சொன்னீர்களே, அதை விடாதீர்கள். கூரைத் தண்ணீரோ முற்றத்துத் தண்ணீரோ ஒரு சொட்டும் கழிவுநீர்க் குழாயில் சேரக்கூடாது. ஒரே மழையில் தொட்டியிலுள்ள கசடு புரண்டு படுகையில் போய் உட்கார்ந்துவிடும். பழைய திறந்த வாய்க்காலை மழைநீருக்கென்றே விட்டுவிடுங்கள். கழிவுநீருக்கு மூடிய குழாய்.

அந்தக் குழாயிலும் மிச்சம் பிடிக்கலாம். ஒவ்வொரு வீட்டுக் கழிவும் தொட்டியில் கசடிறங்கிய பிறகு குழாய்க்கு வந்தால், உள்ளே ஓடுவது வெறும் நீர். சிறு விட்டக் குழாயே போதும், குழாயின் சாய்வு குறைவாக இருக்கலாம், ஆழமாகத் தோண்ட வேண்டாம், ஆளிறங்கும் குழிகளுக்குப் பதிலாகக் கழுவுவதற்கான வாய்கள் போதும். தெற்கு ஆஸ்திரேலியாவின் சிற்றூர்கள் 1960களிலிருந்தே இப்படித்தான் இணைத்திருக்கின்றன. நல்ல தொட்டி உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு ஐந்தாறு வீட்டுக்கு ஒன்றாகப் பொதுத் தொட்டி.

வரப்பு எழுதியது:

நான் விவசாயி. படுகைத் தண்ணீரைப் பயிருக்கு விடலாம் என்கிறீர்கள். தண்ணீரும் உரமும் சேர்ந்து வருவதை எந்த விவசாயி வேண்டாம் என்பான்? ஆனால் காலில் புண் வந்தால், புழு வந்தால் யார் பொறுப்பு? அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆய்வகச்சாளரம் எழுதியது:

நியாயமான அச்சம், ஐயா. நாணல் படுகை புழு முட்டைகளை நன்றாக வடிகட்டும். பாக்டீரியாவை ஓரளவே குறைக்கும். 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலின் அடிப்படை, ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கொல்ல முயலாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகளை வைப்பது. பாசன நீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதில் ஓர் அளவு. பச்சையாகத் தின்னும் கீரைக்கும் காய்க்கும் விடாதீர்கள். மரங்களுக்கும் தீவனப் புல்லுக்கும் விடலாம். தெளிப்பான் வேண்டாம், வேரருகே விடுங்கள். அறுவடைக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டால் மேலே ஒட்டிய கிருமிகள் வெயிலில் பெருமளவு சாகும். மடை திருப்புபவர் பூட்ஸ் போட வேண்டும், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நீரைவிடக் கசடுதான் ஆபத்தானது. உருளைப்புழு முட்டை கசட்டுக்குள் மாதக்கணக்கில், சில சூழலில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். தொட்டியிலிருந்து எடுத்த கசட்டை ஈரத்தோடு வயலில் கொட்டுவதற்கு யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

குழாய்க்காரர் எழுதியது:

கசடு எடுப்பது பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தொட்டிக்குள் எந்த மனிதரும் இறங்கக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நேரம்தான் சாவு. ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அதே இடத்தில் விழுகிறார்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது அதைவிடக் கொடுமை. உள்ளே மீத்தேன் இருக்கிறது. கசட்டை வெளியிலிருந்து பம்பு வைத்து உறிஞ்சும் லாரியால் மட்டுமே எடுக்க வேண்டும். லாரி வந்து நிற்க முடியாத சந்தில் தொட்டி கட்டவே கூடாது. புதுத் தொட்டிகளுக்கு இடம் குறிக்கும்போதே லாரியின் குழாய் எட்டுமா என்று அளந்து பாருங்கள். மூடி குழந்தை தூக்க முடியாத கனத்தில் இருக்கட்டும்.

அலைவரிசை எழுதியது:

நைட்ரேட் கணக்கைப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்கிறேன்: இவ்வளவு இடமும் சரிவும் உள்ள ஊருக்கு எந்திரத்தை நானும் முதலில் சொல்ல மாட்டேன். இடமே இல்லாத பாறை நிலம், கழிவுநீர் விடுதிகளிலிருந்து வந்து குவியும் இடம், தினமும் பார்க்கும் ஆள் சம்பளத்தில் இருக்கும் இடம் ஆகியவற்றில் எந்திரமே சரி.

ஆனால் படுகையும் கவனிப்பு இல்லாமல் ஓடாது. அடைத்துப்போன படுகைகளை நான் பார்த்திருக்கிறேன். மேலே சாக்கடை குளம்போல் நிற்க, நாணல் மஞ்சளாகி நிற்கும். அதையும் இவர்களிடம் சொல்ல வேண்டும் அல்லவா?

நாணற்காடு எழுதியது:

நிச்சயம் சொல்ல வேண்டும், ஐயா. எந்த முறை என்று பேசியே பொழுது போய்விடுகிறது; அதை நாளைக்கு யார் பார்ப்பார் என்ற பேச்சு வருவதில்லை. சிற்றூர் ஏற்பாடுகள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தால் சாவதில்லை. திறப்பு விழா முடிந்ததும் ஆளில்லாமல் சாகின்றன.

படுகையில் வாரந்தோறும் செய்ய வேண்டியவை இவை. நுழைவாயில் சல்லடையில் சிக்கியதை எடுத்துப் புதைப்பது. சைபன் முழுவீச்சில் கொட்டுகிறதா, ஒழுகி வழிகிறதா என்று நின்று பார்ப்பது. ஒழுகினால் பெரும்பாலும் காற்றுக்குழாயில் அடைப்பு. பரப்புக் குழாயின் துளைகளில் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரேபோல விழுகிறதா என்று பார்த்து, முனை மூடியைத் திறந்து கழுவிவிடுவது. படுகைகளை முறைப்படி மாற்றி ஓய்வு கொடுப்பது. ஓய்வுக் காலத்தில்தான் மேலே படிந்த படலம் காய்ந்து வெடித்து, துளைகள் மறுபடி திறக்கும். ஓய்வு கொடுக்காத படுகைதான் நீங்கள் பார்த்த மஞ்சள் நாணல். முதல் ஆண்டு நாணலுக்கிடையே களை பிடுங்க வேண்டும்; பிறகு நாணலே களையை அடக்கிவிடும். ஆண்டுக்கொரு முறை நாணல் தாளை அறுக்க வேண்டும். கடினமான வேலை ஒன்றுமில்லை, ஆனால் ஒரு வாரமும் தவறக்கூடாது.

பிறகு கசடு. ஆளுக்கு ஆண்டுக்கு 35 லிட்டர் என்று வைத்தால் ஊருக்கு ஒன்பது கன மீட்டருக்குச் சற்று குறைவு. நிரம்பி வழிந்த பிறகு லாரியைக் கூப்பிடும் பழக்கத்தை நிறுத்துங்கள். வீடுகளை மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதி என்று சுற்றுமுறை வையுங்கள். பொதுநிலத்தின் ஓரத்தில் நாணல் நட்ட கசடு உலர் படுகை ஒன்று போட்டால், அது அங்கேயே பல ஆண்டு தங்கி மட்கும், லாரி எங்கோ ஓடையில் கொட்டிவிட்டுப் போகும் கொடுமை இருக்காது. வடியும் நீர் திரும்பப் படுகைக்கே வரட்டும்.

இந்த வேலைக்கு ஊர்க் கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், சம்பளத்தோடு. அவர் ஊருக்குப் போனால் யார் என்று இரண்டாவது பெயரும் வேண்டும். சேவையாகச் செய்வார் என்று எழுதிவைக்காதீர்கள். சாக்கடை வேலைதானே என்று அவரைத் தாழ்வாக நடத்தும் ஊரில் எந்தப் படுகையும் நிலைக்காது. ஊர்க் குழந்தைகள் குடிக்கும் தண்ணீரைக் காப்பவர் அவர்.

தென்னோடை எழுதியது:

இந்த இழையை அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்தோம். நீண்ட வாக்குவாதம் நடந்தது. எந்திரத்தை விரும்பிய பெரியவர் ஒருவர், டீசல் வசூல் யார் செய்வது என்ற கேள்விக்குப் பிறகு தாமாகவே மனம் மாறினார். முடிவானவை: கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு வேறு கிணற்றிலிருந்து தண்ணீர், இந்த வாரமே. தேங்கும் பள்ளத்தை வடித்து, அந்த நீரைக் கிணற்றுக்குக் கீழே தற்காலிகக் குழாயில் கொண்டுபோவது. பிறகு தொட்டிகள், சிறு விட்டக் குழாய், கடைசியாகச் செங்குத்தும் படுத்தவாக்குமாக இரண்டு நிலைப் படுகை. பராமரிப்புக்கு ஒரு தம்பதியர் முன்வந்திருக்கிறார்கள். ஒருவர் இல்லாதபோது மற்றவர் பார்ப்பார். சம்பளத்துக்கு வீட்டுக்கு வீடு மாதப் பங்கு என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரே ஒரு சிக்கல். பொதுநிலத்தின் மேல்முனை கிணற்றிலிருந்து 25 மீட்டர்தான். படுகையை அங்கே தொடங்கலாமா?

கரணை எழுதியது:

விரிப்புப் போட்டாலும் அந்த முனையில் வேண்டாம். கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். மேல்முனையைக் கருவி அறைக்கும் லாரி திரும்புவதற்கும் விட்டுவிடலாம். விரிப்புக்கு அடியில் கல் துருத்தாதபடி மணல் பரப்பி, மேலேயும் துணி விரித்துவிட்டு ஜல்லியைக் கையால் இறக்குங்கள். டிப்பரிலிருந்து நேராகக் கொட்டினால் அன்றைக்கே கிழியும். ஜல்லியைக் கழுவாமல் ஒரு கூடைகூட உள்ளே விடாதீர்கள், கல்தூள்தான் முதல் அடைப்பு.

ஆய்வகச்சாளரம் எழுதியது:

படுகைக்கும் கிணற்றுக்கும் நடுவே சிறு விட்டத்தில் ஒரு கண்காணிப்புக் குழாய் இறக்கிவிடுங்கள். வேலை தொடங்குமுன் அதிலும் கிணற்றிலும் ஒரு மாதிரி எடுத்து வையுங்கள். பிறகு கோடையில் ஒன்று, மழை முடிந்ததும் ஒன்று. கிணற்றில் நைட்ரேட் உடனே இறங்காது. மண்ணில் ஏற்கெனவே ஊறியது வடிய ஆண்டுகள் ஆகலாம். முதல் சோதனையில் குறையவில்லை என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம் என்பதை இப்போதே கூட்டத்தில் சொல்லிவையுங்கள்.